சோடாக் கடை ஃப்ரிட்ஜில் இன்சுலின்

பஜாரில் எங்கள் கடையில் சோடா, மோர், ஐஸ்கிரீம் விற்கிறோம். ஃப்ரிட்ஜின் மேல்தட்டு மட்டும் விற்பனைக்கில்லை. அங்கே ஒரு டிபன் பாக்ஸில் அக்கம்பக்கத்துச் சர்க்கரை நோயாளிகளின் இன்சுலின் புட்டிகள் இருக்கும். பழைய சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் பலருக்கு ஃப்ரிட்ஜ் கிடையாது. யாரோ ஒருத்தர் "கொஞ்சம் வெச்சிக்கோங்க" என்று கொடுக்கப்போய் அதுவே வழக்கமாகிவிட்டது. மருந்து வைக்கிற இடமா இது என்று நான் கத்தாத நாளில்லை. கத்திக்கொண்டே வாங்கி வைப்பேன்.

அதில் ஒரு புட்டி, ஊரிகம் லைனில் இருக்கும் நாலாம் வகுப்புப் பெண்ணுடையது. அவள் அம்மா விடியற்கால ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விடுவாள். பிள்ளை பள்ளிக்கூடம் போகும்போதும் வரும்போதும் கடையில் உட்கார்ந்து தானே ஊசி போட்டுக்கொள்ளும். அந்தச் சின்ன வயிற்றைக் கிள்ளிப் பிடிக்கும்போது நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

போன கோடையில் ஒரு நாள் காலை, வந்தவள் புத்தகப்பையைக்கூடக் கழற்றாமல் பெஞ்சில் சாய்ந்தாள். உதடு வறண்டு வெடித்திருந்தது. "ஆன்ட்டி, தண்ணி." ஒரு சொம்பு குடித்தாள். அப்படியே வாந்தி எடுத்தாள்.

"நேத்து ஊசி போட்டியாடி?"

"உங்க முன்னாடிதானே போட்டேன்."

டிபன் பாக்ஸைத் திறந்து அவள் புட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அப்போதுதான் என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். "முந்தாநாள் கரண்ட் போச்சே, மருந்து கெட்டுடப்போவுதுன்னு பாக்ஸை ஐஸ்கிரீம் பெட்டியில வெச்சேன்மே. ராத்திரி கரண்ட் வந்துச்சா, காலையில பார்த்தா கல்லாட்டம் கீது. கரைஞ்சப்புறம் எடுத்து மேல வெச்சேன். நல்லாத்தானே இருந்துச்சு?"

பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை. மற்ற வீடுகளுக்குச் சொல்லிவர அவரை விரட்டிவிட்டு, பிள்ளையை ஆட்டோவில் போட்டுக்கொண்டு பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

நர்ஸ் விரலைக் குத்தி சர்க்கரை பார்த்தாள். முகம் மாறிவிட்டது. ஐஸ்கிரீம் பெட்டி விஷயத்தைச் சொன்னேன். "உறைஞ்சா அது வெறும் தண்ணிதான்க்கா. பார்த்தா வித்தியாசம் தெரியாது. டாக்டருக்கு இன்னிக்கு வேற ஊர் டூட்டி. இன்சுலின் ஸ்டாக் வரல. ஆம்புலன்ஸ் பிரசவக் கேஸுக்குப் போயிருக்கு. நிக்காதீங்க, கோலாருக்குப் போங்க."

"அப்போ இன்னாத்துக்கும்மா இந்த ஆஸ்பத்திரி?" என்று கத்தினேன். நர்ஸ் பிள்ளையைத் தானே தூக்கிவந்து ஆட்டோவில் படுக்கவைத்தாள்.

கோலார் வரை அந்தப் பிள்ளை நாய் இரைப்பதுபோல் மூச்சு வாங்கிற்று. வாயில் அழுகின பழ வாசனை. அவள் அம்மாவுக்குப் போன் அடித்து அடித்து ஓய்ந்தேன். வேலை செய்கிற இடத்தில் போனை வாசலிலேயே வாங்கிவைத்துவிடுவார்கள். "தூங்காதடி கண்ணு, கண்ணைத் தொற." மாரியம்மாளில் தொடங்கி சர்ச் மாதா வரை எல்லோரையும் கூப்பிட்டேன். இது போய்விட்டால் பெற்றவளுக்கு என்ன பதில் சொல்வேன்? கட்டடம் இருக்கிறது, போர்டு இருக்கிறது, கையில் தூக்கிப் போக ஒரு நல்ல நர்ஸும் இருக்கிறாள். ஒரு புட்டி மருந்து இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் டிரிப் ஏற்றினார்கள், இன்சுலின் ஏற்றினார்கள். சாயங்காலம் கண்ணைத் திறந்து, "ஸ்கூலுக்கு லீவு சொன்னீங்களா?" என்று கேட்டாள். அப்போதுதான் வந்து சேர்ந்த அவள் அம்மாவைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதேன்.

டாக்டர் அதட்டினார். "சோடாக் கடையிலயா இன்சுலின் வைப்பாங்க?"

"வேற எங்க வைக்கிறது, நீங்களே சொல்லுங்க சார்."

அவர் சீட்டைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார்.

இனி ஒருத்தர் மருந்தும் என் கடைக்குள் வரக்கூடாது என்று முடிவு செய்தேன். நாலைந்து நாள் கழித்து அதே நர்ஸ், கையில் ஒரு நீலப் பெட்டியோடு கடை வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, இன்சுலின் ஸ்டாக் வந்திடுச்சு. ஆனா எங்க ஃப்ரிட்ஜ் ரிப்பேர். மெக்கானிக் வர்ற வரைக்கும் உங்க கடையில வெச்சிக்கிறீங்களா?"

வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவள் பெட்டியைக் கீழே வைக்காமல் கேட்டுக்கொண்டாள். திட்டி முடித்து, இரண்டாம் தட்டில் இருந்த சோடா பாட்டில்களை எடுத்து வெளியே வைத்தேன். ஊருக்கே ஆன மருந்தை உள்ளே அடுக்கினேன். கரண்ட் இருக்கிறதா, தலைக்கு மேலே ஃபேன் சுற்றுகிறதா என்று நிமிர்ந்து பார்த்துக்கொண்டேன்.