சத்தமில்லாமல் பார்த்த குடும்பப் படம்

கேசட்டுகள் ஒழிந்து டிவிடி வந்து பல காலமாகியும் அந்தக் கடைக்குக் கேசட் கடை என்றுதான் பேர். தையல் கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவே, கையை விரித்தால் இரண்டு சுவரும் தட்டும் அகலம். புதுப்படங்கள் புதன்கிழமை அட்டைப்பெட்டியில் வந்து இறங்கும். வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் வாடகைக்கு விடுவார்கள். அன்றைக்கு வேலை விட்டு வருகிறவர்கள் எட்டிப்பார்க்காமல் வீட்டுக்குப் போகமாட்டார்கள். படம் எடுக்க மட்டுமல்ல. கல்லாவில் உட்கார்ந்திருக்கும் பெண்மணி என்ன சொல்கிறார் என்று கேட்கவும்தான்.

வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுவதால் அவருக்கு வெட்டக்கா என்று பேர். தெருவில் எல்லாருக்கும் அவர் வெட்டக்காதான்; பெரியவர்களும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"என்னக்கா, போலீஸ் படம் எப்படி?" என்பார் பஸ் கண்டக்டர்.

"ஹீரோ கூலிங் கிளாஸைக் கழட்டுறாரு, மாட்டுறாரு, மறுபடி கழட்டுறாரு. திருடன் பாவம், எப்பய்யா பிடிப்பீங்கன்னு காத்துக்கிட்டு நிக்கிறான்."

"பேய்ப் படம்?"

"பேய்னாலே தலை வாராத பொம்பளைதானா? ஆம்பளை எவனும் சாகறதே இல்லையா? எடுத்துட்டுப் போங்க. வீட்டம்மாவோட உக்காந்து பாருங்க. யாரு யாரைப் பாத்துப் பயந்தீங்கன்னு திங்கக்கிழமை வந்து சொல்லுங்க."

பழிவாங்கும் முதலை படம் வந்த வாரம், "முதலைக்கு ஃபிளாஷ்பேக்கெல்லாம் வருது, சிரிக்கணும்னா எடுங்க" என்றார். காதல் படத்துக்கு அவர் சொன்ன தீர்ப்பு இன்னும் தெருவில் ஓடுகிறது. "அவன் துரத்துறான், அவ ஓடுறா. என்னையும் ஒரு தடவை நாய் துரத்துச்சு. யாரும் பாட்டுப் போடலை."

இத்தனை தீர்ப்பும் சத்தமில்லாமல் பார்த்துச் சொன்னவை. அது கடை முதலாளியின் சட்டம். கடை டிவியில் படம் ஓடலாம், சத்தம் வரக்கூடாது. "சத்தமும் வந்தா வாசல்ல நின்னே முழுப்படத்தையும் பாத்துட்டுப் போயிருவான். படம் ஓசி, சத்தத்துக்குத்தான் வாடகை" என்பது அவர் வியாபாரத் தத்துவம். எனவே வெட்டக்கா புதனும் வியாழனும் டிவிடிகளைத் துடைத்து உறையில் போட்டுக்கொண்டே ஊமைப்படங்களாகப் பார்ப்பார். வசனம் தெரியாமல் எப்படிச் சொல்கிறீர்கள் என்று யாராவது கேட்டால், "வாய் பொய் சொல்லும், மூஞ்சி சொல்லாது" என்பார். பெரும்பாலும் சரியாகவே இருந்தது. நம் படங்களில் வசனத்தை எடுத்துவிட்டால் பெரிதாக ஒன்றும் நஷ்டமில்லை என்பதும் அதற்கு ஒரு காரணம்.

இப்போதெல்லாம் எந்தப் படத்தைப் பற்றிச் சொன்னாலும் "பாத்தேன், கேக்கலை" என்று ஒரு சொல் சேர்த்துக்கொள்கிறார். அந்தச் சொல் வந்த கதை இது.

வெட்டக்கா தனியாள். அக்கா வீட்டு மாடியில் ஓர் அறையில் குடியிருந்தார். அக்காவுக்கு ஒரே மகள். கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து ஒருநாள் காலையில் பெட்டியோடு வந்து இறங்கினாள். கணவன் அடித்துவிட்டான் என்றாள். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

அவள் அப்பா, அதாவது வெட்டக்காவின் அத்தான், தண்ணீர் வாரியத்தில் மீட்டர் பார்க்கும் வேலையில் இருப்பவர். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. "புருஷன் பொண்டாட்டின்னா ஒரு சின்ன அறை இல்லாமலா? நாலு பேர் என்ன சொல்வாங்க?" என்று வீட்டில் நடந்துகொண்டே இருந்தார். அந்த நாலு பேரில் ஒருவராவது அந்தப் பெண்ணுக்கு என்றைக்காவது ஒரு தலைவலி மாத்திரை வாங்கித் தந்தவரா என்று கேட்டால் பதில் இருக்காது. ஆனாலும் இந்த நாட்டில் பாதி வீடுகளை நடத்துவது அந்த நாலு பேர்தான்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையும் சம்பந்தியம்மாவும் வந்து அழைத்துப் போவதாக ஏற்பாடு. வெள்ளிக்கிழமை அத்தான் கடைக்கே வந்தார்.

"புதுசா குடும்பப் படம் ஏதாவது வந்திருக்கா? எல்லாரும் ஒண்ணா உக்காந்து பாத்தா மனசு கொஞ்சம் இளகும்."

வெட்டக்காவுக்கு உள்ளுக்குள் குஷி. அந்த வாரம் வந்த ஒரு படத்தைக் காலையிலிருந்து வருகிறவர்களிடமெல்லாம் சிபாரிசு செய்துகொண்டிருந்தார். அதில் ஒரு மருமகள். கணவன் அறைகிறான். அவள் அழுகிறாள். நிறைய பேர் நிறைய நேரம் வாயசைக்கிறார்கள். கடைசியில் அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டு வெளியே வருகிறாள்; முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. படம் முடிந்துவிடுகிறது. "உருப்படியா ஒருத்தன் எடுத்திருக்கான்" என்பது தீர்ப்பு. அக்கா மகள் இதைப் பார்த்தால் துணிச்சல் வரும் என்று நினைத்தார் வெட்டக்கா. உறையின் மேல் பெரிய குடும்பமே வரிசையாக நின்று சிரிப்பதைப் பார்த்து, மகள் திருந்திவிடுவாள் என்று நினைத்தார் அத்தான். ஆளுக்கொரு கணக்கில் இருவரும் ஒரே படத்தில் வந்து நின்றார்கள்.

ஞாயிறு மதியம் கூடத்தில் எல்லாரும் உட்கார்ந்தார்கள். சோபாவில் சம்பந்தியம்மா. அவருக்கு வலப்பக்கம், கை எட்டும் தூரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் அக்கா மகள். மாப்பிள்ளை சுவரோரம் செல்போனைப் பார்த்தபடி. டிவிக்குப் பக்கவாட்டில் அத்தானும் வெட்டக்காவும். வெட்டக்காவின் அக்கா அடுக்களைக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருந்தார். ரிமோட் அக்கா மகள் கையில். அவள் சத்தத்தை ஏற்றினாள். இன்னும் ஏற்றினாள்.

"ஏம்மா, பக்கத்து வீட்டுக்கும் சேர்த்தா போடறே?" என்றார் சம்பந்தியம்மா. அவள் திரும்பவில்லை. "பாத்தீங்களா சம்பந்தி? கூப்பிட்டா திரும்பறதில்லை. எங்க வீட்டுலயும் இதேதான். இந்தத் திமிருக்குத்தான் அவன் கை நீட்டினான்."

படம் வசனத்தோடு ஓடியபோது அது வெட்டக்கா பார்த்த படமாக இல்லை. வாயசைத்த அத்தனை பேரும் அந்த மருமகளுக்குப் புத்திதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் பெட்டியோடு அவள் வெளியே வந்த வீடு, கணவன் வீடே அல்ல, தாய்வீடு. இரண்டு வீட்டுக்கும் ஒரே செட் போட்டுத் திரைச்சீலையை மட்டும் மாற்றியிருந்தார்கள். அவள் அந்த நிம்மதியான முகத்தோடு கணவனிடம் திரும்பிப் போகிறாள். போகும்போது சொல்கிறாள்: "அடிக்கிற கைதான் அணைக்கும்."

"என்ன அருமையான வார்த்தை!" என்றார் சம்பந்தியம்மா. அத்தான் தலையாட்டினார்.

அந்தப் பழமொழியைச் சொன்னவன் அடித்தவனாகத்தான் இருக்க வேண்டும். அடிவாங்கியவள் சொல்லிக் கேட்டவர் யாரும் இல்லை.

"அணைக்கிறதுக்கு எதுக்குங்க முதல்ல அடிக்கணும்?" என்றார் வெட்டக்கா. "நான் சொன்னது தப்பு. தெருவுல எல்லார்கிட்டயும் நல்ல படம்னு சொல்லி வச்சிருக்கேன். இது குப்பை."

"நீயே எடுத்துக் குடுத்துட்டு நீயே இப்படிச் சொன்னா எப்படி?" என்று அத்தான் சீறினார்.

 வெட்டக்கா அக்கா மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். படத்தில் பெயர்கள் ஓடத் தொடங்கி, பாட்டு அலறிக்கொண்டிருந்தது. சம்பந்தியம்மா மறுபடியும், "ஏம்மா, கிளம்பலாமா?" என்றார். அவள் வலது கன்னத்தை டிவிப் பக்கம் சாய்த்து அப்படியே இருந்தாள். காதில் விழுந்தும் விழாதது போல் இருக்கிறவர்களின் முகம் வெட்டக்காவுக்குத் தெரியும். உதடு இறுகும், கண் ஒரு நொடி எங்கோ போய் வரும். ஊமைப்படம் பார்த்துப் பார்த்துப் பழகியவர். இந்த முகத்தில் அது எதுவும் இல்லை. யாரும் கூப்பிடாத முகம் அது.

எழுந்து போய் அவளுக்கு இடப்பக்கம் சற்றுப் பின்னால் நின்றார். சாதாரணக் குரலில் சொன்னார்:

"ஐயோ, உன் தோள்ல பல்லி."

சம்பந்தியம்மா சோபாவில் காலைத் தூக்கிக்கொண்டார். மாப்பிள்ளை நிமிர்ந்தான். அடுக்களை வாசலில் நின்ற அக்கா, "எங்கடி?" என்று ஓடி வந்தார். பல்லியைக் கண்டால் வீட்டையே இரண்டாக்குகிற அந்தப் பெண் மட்டும் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெட்டக்கா ரிமோட்டை வாங்கி டிவியை நிறுத்தினார். அவளுக்கு முன்னால் வந்து குனிந்து, அவள் இடது காதைத் தொட்டார்.

"இந்தக் காது எப்பலேருந்து கேக்கலை?"

அவள் எல்லாரையும் பார்த்தாள். பிறகு சொன்னாள். "அன்னியிலேருந்துதான் சித்தி. அடிச்சப்ப உள்ள என்னவோ கிழிஞ்ச மாதிரி இருந்துச்சு. அப்புறம் இரைச்சல் மட்டும்தான்."

"ஏன்டி எங்ககிட்ட சொல்லலை?" என்றார் அவள் அம்மா.

"சின்ன அறைன்னு அப்பா எல்லார்கிட்டயும் சொல்லிட்டாரு. அதுக்கப்புறம் நான் என்னத்தச் சொல்றது?"

அத்தான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். 

"நான் மெதுவாத்தான்..." என்று தொடங்கினான் மாப்பிள்ளை.

சம்பந்தியம்மா அவனை முடிக்க விடவில்லை. "இரு. இது முன்னாடியே இருந்த குறையா இருக்கும். காது கேக்காத பொண்ணை மறைச்சு எங்க தலையில கட்டிட்டீங்களா?"

"செவிட்டுப் பொண்ணுன்னா கல்யாணமான நாள்லேருந்து நீங்க திட்டினதெல்லாம் அவ எப்படிங்க கேட்டு அழுதா?" என்றார் வெட்டக்கா.

"உன்கிட்ட யாரு பேசினா? படம் விக்கிறவதானே நீ?"

"விக்கலைங்க, வாடகைக்கு விடறேன். உங்களுக்கும் ஒண்ணு தரட்டுமா?"

சம்பந்தியம்மா எழுந்தார். மாப்பிள்ளையும் எழுந்து, மனைவிக்கு இடப்பக்கம் வந்து நின்று, தணிந்த குரலில் ஏதோ கேட்டான். அவள் நாற்காலியோடு முழுக்கத் திரும்பி, வலது காதை அவன் பக்கம் கொடுத்தாள்.

"கேக்கலை. எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லுங்க."

அவன் அம்மாவைப் பார்த்தான். தணிவாகக் கேட்டதைச் சத்தமாகக் கேட்பது அவனுக்குக் கஷ்டமாக இருந்தது. "வர்றியா, வரலையா?" என்றான் கடைசியில்.

"வரலை."

 சம்பந்தியம்மா அத்தான் பக்கம் திரும்பினார். பெண்ணைப் பெற்றவர் இரண்டு வார்த்தை அதட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்பது அவர் கணக்கு. அன்று காலை வரை அத்தானுக்கும் அதே கணக்குதான்.

"என்ன சம்பந்தி, உங்க பொண்ணு சொல்றதைக் கேட்டுக்கிட்டு சும்மா இருக்கீங்க? நீங்களாவது சொல்லுங்க."

அத்தான் எழுந்து போய் வாசல் கதவைத் திறந்தார். அங்கே கிடந்த இரண்டு ஜோடிச் செருப்பையும் குனிந்து எடுத்து, தெருவைப் பார்த்த மாதிரி திருப்பி வைத்தார்.

"உங்களுக்கு ரெண்டு காதும் நல்லாத்தானே இருக்கு? அவ சொன்னது கேட்டுச்சுல்ல?" என்றார்.