ஐந்து மேலே, மூன்று பக்கத்தில்

மலைமேல் நெல்லிவாசல்நாட்டில் 1983-இல் பத்தாவது தேறியவர்களை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். அதில் மாதையன் ஒருவன். சாமை விதைக்கிற வீட்டுப் பிள்ளைக்கு, இரண்டு சமன்பாடுகளை அடுத்தடுத்து எழுதி, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து, ஒளிந்திருக்கும் எக்ஸையும் ஒய்யையும் வெளியே இழுப்பதில் அப்படி ஒரு கிறுக்கு.

அவனோடு படித்த, அடிவாரத்து ஒடுகத்தூர் தங்கவேலுக்கு அது மண்டையில் ஏறவேயில்லை. ஏதாவது அரசாங்கத் தேர்வு வரும் என்ற நம்பிக்கையில், தை மாதத்திலிருந்து ஞாயிறுதோறும் மாதையன் மலை இறங்கிப்போய் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தான். புத்தகம் தங்கவேலிடம்தான் இருந்தது. மாதையன் தன் நோட்டில் போட்ட கணக்கை அவன் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்து, சிவப்புப் பென்சிலால் 'சரி' என்று எழுதித் தேதியும் போடுவான்.

பள்ளியில், கட்டத்தாளில் புள்ளி வைக்கும் வரைபடப் பாடம் நடந்தபோது மாதையன் அம்மை போட்டு வீட்டில் கிடந்தவன். மலையில் வழி கேட்டால் முதலில் எவ்வளவு ஏறவேண்டும், பிறகு எந்தப் பக்கம் திரும்பவேண்டும் என்றுதான் சொல்வார்கள். அவனும் அப்படியே செய்தான். எக்ஸ் ஐந்து, ஒய் மூன்று என்று விடை வந்தால், ஐந்து கட்டம் மேலே ஏறி, மூன்று கட்டம் பக்கத்தில் நகர்ந்து புள்ளி வைத்தான். ஒவ்வொரு புள்ளிக்கும் தங்கவேல் 'சரி' போட்டான்.

பங்குனியில் நில அளவை வேலைக்கு அறிவிப்பு வந்தது. ஒரே ஒரு இடம். இருவரும் தேர்வு எழுதினார்கள். தங்கவேலுக்குக் கிடைத்தது.

காரணம் கேட்க அலுவலகத்துக்குப் போன மாதையனிடம் குமாஸ்தா விடைத்தாளைக் காட்டினார்.

"இன்னாப்பா, கணக்கெல்லாம் கரெக்டா போட்டுட்டு புள்ளிய மட்டும் மாத்தி வெச்சிகிற? மொத நம்பருக்குப் பக்கவாட்டுல போவணும், அப்புறம்தான் மேல ஏறணும்."

மாதையன் நோட்டோடு நேராகத் தங்கவேல் வீட்டுக்குப் போனான்.

"உனுக்குத் தெரியுமாடா?"

"தெரியும். ஒரு வேலைதானேடா இருந்துச்சு. சொல்லியிருந்தா எனக்கு வந்திருக்குமா?"

பிழைப்புக்காகச் செய்திருக்கிறான், நாசமாய்ப் போகட்டும் என்று மாதையன் விழுங்கிக்கொள்ளப் பார்த்தான். அப்போதுதான் நோட்டின் முதல் பக்கம் கண்ணில் பட்டது. அதே தப்புப் புள்ளி. பக்கத்தில் 'சரி, தை 8.'

"தை மாசம் வேலைன்னு ஒன்னே இல்லியேடா. அப்ப ஏன்டா சரின்னு எழுதின?"

தங்கவேல் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "மலைக்காரன் வந்து எனக்குச் சொல்லிக் குடுக்குறானான்னு எங்க வூட்ல சிரிச்சாங்க. ஒன்னாவது உனுக்குத் தெரியாம இருக்கட்டும்னு வுட்டுட்டேன்."

வேலையைப் பறித்ததை மட்டும் என்றால் மாதையன் என்றைக்காவது மன்னித்திருப்பான். ஆனால் இவன் முதல் ஞாயிறன்றே நண்பனாக இருக்கவில்லை. நோட்டை அங்கேயே போட்டுவிட்டு மலை ஏறினான். அதன்பிறகு புளி விற்கக்கூட அவன் ஒடுகத்தூருக்கு இறங்கவில்லை. சுற்றுவழியானாலும் மலையின் மறுபுறம் புதூர்நாட்டுப் பக்கம்தான் போனான்.