மண்டிக்காரரின் கபடி டீம்

போன மாங்காய் சீசன் முடிந்த கையோடு, எதிர்வீட்டு பாய் எங்கள் வாசலில் வந்து நின்று செருமினார். கையில் புது போன்.

"அக்கா, அந்தக் கபடி ஆட்டத்த எனக்கும் கத்துக் குடுக்கணும்."

"இந்த வயசுல கபடியா பாய்? இடுப்பு போயிடும். வீட்ல கேட்டுட்டு வந்தீங்களா?"

"போன்ல ஆடறதத்தான் சொல்றேன்கா."

தெரிந்துதான் கேட்டேன். வந்தவரை ஒரு தடவையாவது சீண்டாமல் உள்ளே விட்டால் எனக்குச் சோறு இறங்காது.

அந்த ஆட்டத்தில் நாம் ஓடவும் வேண்டாம், பிடிக்கவும் வேண்டாம். ஒரு டீமுக்கு நாம்தான் முதலாளி. ஆளை வாங்குவது, விற்பது, பயிற்சி கொடுப்பது, ஞாயிற்றுக்கிழமை யாரை இறக்குவது என்று முடிவு செய்வது, எல்லாம் நம் பாடு. என் மகன் கம்பெனிக்குள் போனைக் கொண்டுபோக முடியாது. அதனால் அவன் ஷிப்டுக்குப் போகும்போது அவன் டீமை என்னிடம் விட்டுவிட்டுப் போவான். பிறகு அவனுக்கு அலுத்துவிட்டது, எனக்கு அலுக்கவில்லை. மூன்றாம் வகுப்போடு நின்ற எனக்கு எழுத்து கூட்டித்தான் படிக்க வரும். ஆனால் ஆள் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் பட்டை என்றால் தெம்பாக இருக்கிறான், சிவப்பு என்றால் களைத்துவிட்டான் என்று தெரிந்துகொள்ளப் பள்ளிக்கூடம் எதற்கு? ஆடுகிறவர்களின் வாட்ஸப் குழுவில் புதிதாக வருகிறவர்கள் கேட்பதற்கெல்லாம் நான் பேசி அனுப்புவேன். அவர்களுக்கு நான் அவ்வா, அதாவது பாட்டி. கன்னடக்காரர்களுக்கு அஜ்ஜி.

"உங்களுக்கு எதுக்கு பாய் இந்த வேலை?"

பாய் கிருஷ்ணகிரியில் மாங்காய் மண்டி வைத்திருந்தவர். மூட்டுவலி வந்ததும் மண்டியைத் தம்பியிடம் விட்டுவிட்டு, மனைவியோடு ஓசூரில் மகள் வீட்டுக்கு வந்துவிட்டார். மகன் துபாயில் வேலை பார்க்கிறான்.

"பையன் வெள்ளிக்கெழம போன் பண்றான்கா. சாப்டீங்களா அத்தாங்கறான், சாப்ட்டேங்கறேன். மாத்திர போட்டீங்களாங்கறான், போட்டேங்கறேன். அப்புறம் ரெண்டு பேருக்கும் பேச்சில்ல. போன அவங்கம்மாகிட்ட குடுத்துடறேன். ஆனா இந்த ஆட்டத்தப் பத்தின்னா, யார் யார்கிட்டயோ மணிக்கணக்கா பேசறானாம்."

மேலும் கிண்டல் செய்யாமல் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். எனக்கு அது அபூர்வம்.

பாயின் மகன் ஆடுகிற பிரிவில் எட்டு டீம். ஒருவன் பாதியில் விட்டுப்போன டீமைத்தான் அப்பாவுக்குப் பிடித்துக் கொடுத்திருந்தான். சீசன் முடிவில் கடைசி இரண்டு டீம் கீழ்ப் பிரிவுக்கு இறங்கிவிடும். இறங்கினால் மகனோடு ஆட முடியாது. பாய்க்குக் கோப்பை வேண்டாம். மகன் இருக்கிற பிரிவில் தானும் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பாடம் தொடங்கியது. பாய் ஆள் வாங்கப் போவார், வெறும் கையோடு வருவார்.

"ஏன் பாய், அந்த ரைடர விட்டுட்டீங்க?"

"அவன வேற ஒருத்தரு மொதல்லயே கேட்டிருந்தாருக்கா. ஒருத்தர் கை வெச்ச குவியல்ல நான் கை வெக்கறதா? மண்டியில அப்படிச் செஞ்சா மறுநாள் மூஞ்சியில முழிக்க முடியுமா?"

"அவரு மூஞ்சிய நீங்க பாத்திருக்கீங்களா?"

"இல்ல."

"அப்புறம் என்ன? ஏத்திக் கேளுங்க."

கேட்டார். கேட்டுவிட்டு, முதலில் கேட்டிருந்தவனுக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு குரல் பதிவும் அனுப்பினார். அவன் பயந்துபோய் என்னிடம் விசாரித்தான்: "அவ்வா, இவரு யாரு? இவ்ளோ மரியாதையா பேசறாரு, ஏமாத்துறவரா?"

இன்னொரு தொல்லை. டீமில் வயதான தடுப்பாட்டக்காரன் ஒருவன் இருந்தான். பட்டை எப்போதும் சிவப்பு. விற்றுவிடுங்கள் என்றால் பாய்க்கு முகம் வாடிவிடும். "இத்தன நாள் நின்னிருக்கான், எப்படிக்கா அனுப்பறது?" அவன் போனுக்குள் இருக்கிற படம் என்று சொல்லிப் பார்த்தேன். தலையாட்டினார். அடுத்த ஞாயிறும் அவனையே இறக்கினார்.

இப்படியே தோற்றும் ஜெயித்தும் கடைசி ஆட்டத்துக்கு வந்தோம். அது மகனோடு. பாய் தோற்றால் கீழே, சமன் செய்தால்கூடத் தப்பிவிடலாம்.

இரண்டு நாள் முன்பு, அதே வாட்ஸப் குழுவில் இருக்கும் பாயின் மகனிடமிருந்து எனக்குத் தனியாக ஒரு குரல் பதிவு வந்தது. "அவ்வா, அத்தாகிட்ட சொல்லாதீங்க. எனக்கு இந்த ஆட்டம் தோத்தாலும் ஒண்ணுமில்ல. பெரிய ரைடர உக்கார வெச்சிடறேன். அத்தா தங்கிடட்டும்."

நல்ல பிள்ளை. எனக்கும் ஆசைதான். ஆனால் பாயை நினைத்துப் பார்த்தேன். பதில் அனுப்பினேன்: "டேய் தம்பி, உங்க அத்தா கூடைக்கு மேல நல்ல காயும் அடியில அழுகலும் வெச்சவங்கள வாழ்க்க பூரா பாத்தவரு. ஆட்டம் முடிஞ்சதும் யாரு ஆடினா, யாரு ஒக்காந்தாங்கறது போன்ல வருமில்ல? அதத்தான் மொதல்ல பாப்பாரு. மனுசன் கண்ணு வலிக்க வலிக்க கத்துக்கிட்டாரு. அவருக்கு ஊட்டி விடாத."

"எறங்கிட்டா என்ன அவ்வா பண்றது?"

பாய் இறங்கி, மறுபடி சாப்டீங்களாவும் மாத்திரையுமாகப் போனால், பாவம் என் தலையில்தான்.

ஞாயிறு சாயங்காலம் பாய் வீட்டில் உட்கார்ந்தோம். பாயின் மனைவி டீ வைத்தார். பாய் போனிலிருந்து முகத்தை நிமிர்த்தவில்லை. கடைசி வரை இழுத்தது. அந்தக் கிழத் தடுப்பாட்டக்காரன்கூட ஒருவனைப் பிடித்துவிட்டான். பாய் "யா அல்லா" என்று எழுந்தே விட்டார். கடைசி ரைடில் மகனின் பெரிய ரைடர் உள்ளே வந்து இரண்டு பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பினான். முடிந்தது; பாய் தோற்றுக் கீழே இறங்கியாயிற்று.

நான் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாய் விரலால் போனைத் தள்ளித் தள்ளி, யார் யார் ஆடினார்கள் என்று பார்த்தார். நான் நினைத்தபடியே. பிறகு நிமிர்ந்தார்.

"முழு டீமையும் எறக்கியிருக்கான்கா." கண் கலங்கியிருந்தது. வாயோ சிரித்தது. "என்ன ஒரு ஆளா மதிச்சிட்டான்."

அந்தக் குரல் பதிவைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

அதற்குள் போன் அடித்தது. வெள்ளிக்கிழமை இல்லை, ஞாயிறு. பாய் எடுத்ததும் கத்தினார்: "டேய், எடது பக்கந்தான் ஓட்டைன்னு எவன்டா ஒனக்குச் சொன்னான்? ... என்னது, அந்தக் கெழவனயா? அவன விக்க மாட்டேன் போடா!" பேசிக்கொண்டே வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்தார். மூட்டுவலி எங்கே போனதோ.

பாயின் மனைவி போனுக்காகக் கை நீட்டினார். "புள்ளையா? குடுங்க."

"இரு இரு, நாங்க பேசிட்டிருக்கோம்."

அந்த அம்மா நீட்டிய கையை மடக்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"அக்கா, இவரு எறங்குன கீழ்ப் பிரிவுல எனக்கும் ஒரு எடம் கெடைக்குமா?"