பாஸ்தா மெஷினும் அக்காவின் பையும்

அக்கா பீடோரில் இருக்கும் தன் வீட்டிலிருந்து வந்து ஐந்து நாள் ஆகியும் அவளுடைய துணிப்பை வாசற்கதவுக்குப் பக்கத்து நாற்காலியிலேயே இருந்தது. தினமும் அதிலிருந்து ஒரு கைலியை எடுப்பாள். துவைத்துக் காய்ந்ததும் மடித்து அதற்குள்ளேயே வைத்துவிடுவாள். அலமாரியில் ஒரு தட்டை அவளுக்காகக் காலி செய்திருந்தேன். அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

அத்தான் இறந்து போனதிலிருந்து அக்கா அங்கே தனியாக இருக்கிறாள். போன மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்து, பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து தூக்கும்வரை தரையிலேயே கிடந்திருக்கிறாள். இங்கே குனோங் ராபாட்டில் நானும் தனிதான். இங்கேயே இரு என்று கேட்க வேண்டும். எனக்குச் சின்ன வயதிலிருந்தே எதையும் நேராகக் கேட்டுப் பழக்கமில்லை. மாட்டேன் என்று அவள் சொல்லிவிட்டால் இன்னொரு தடவை கேட்கவும் மாட்டேன். வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் போவதாகச் சொல்லிவிட்டாள்.

போன தீபாவளிக்கு என் மகள் கரண்டில் ஓடும் ஒரு பழைய மெஷினில் பாஸ்தா செய்தாள். எதைச் சாப்பிட்டாலும் குறை சொல்லும் அக்கா அன்று தட்டை வழித்துச் சாப்பிட்டாள். மகள் கோலாலம்பூருக்கு வேலை மாறிப் போனபோது மெஷினை இங்கேயே விட்டுவிட்டாள். வியாழக்கிழமை அதை எடுத்துத் துடைத்தேன். வெள்ளை பிளாஸ்டிக் மஞ்சளாகியிருந்தது. கூட இருந்த புத்தகம் முழுக்க ஆங்கிலம். தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். படத்தை மட்டும் பார்த்தேன். தண்ணீர் அளக்கக் கோடு போட்ட கோப்பை ஒன்று இருந்தது. அந்தக் கோட்டளவு போதாது என்று கை சொன்னது. சப்பாத்திக்கு ஊற்றுவதுபோல இன்னும் ஊற்றினேன்.

மாவு உள்ளே பந்தாகச் சுற்றியது. அச்சில் இரண்டு நூல் எட்டிப் பார்த்ததோடு சரி.

கூடத்திலிருந்து அக்கா குரல் கொடுத்தாள். “மெஷின் மொனவுது, ஒனக்குக் காது கேக்கலையா?”

“ரோசாக் ஆயிருச்சு போல, கெட்டுப்போச்சு,” என்றேன்.

வந்து எட்டிப் பார்த்தாள். “சப்பாத்தி மாவப் போயி திணிச்சு வச்சிருக்க. பின்ன எப்படி ஓடும்?”

அச்சைக் கழற்றிக் குழாயடியில் தேய்த்தேன். மாவு பசையாகி ஓட்டைக்குள் இன்னும் இறங்கியது.

“தண்ணி ஊத்தாதலா. பால் கோப்பையில ஒட்டுனத என்னைக்காச்சும் கழுவுனியா? காய விடு, தானா உரிஞ்சு வரும்.”

இரண்டு பேரும் முப்பது வருடம் ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுத்தவர்கள். கோப்பையில் ஒட்டிய பால் காய்ந்தால் ஒரே இழுப்பில் தோலாக வந்துவிடும். எனக்கு அது தோன்றவே இல்லை.

“எப்ப காயும்?”

“நாளைக்கு மத்தியானம் ஆவும்.”

“காலைல ஒனக்கு பஸ்ஸு இருக்கே,” என்றேன். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். இருக்கச் சொல்ல வேண்டியவள் நானே பஸ்ஸை ஞாபகப்படுத்துகிறேன்.

அக்கா அச்சை ஜன்னலோரம் வெயிலில் வைத்தாள். “பஸ்ஸு தெனமும்தான் ஓடுது.”

மறுநாள் மத்தியானம் அச்சை உள்ளங்கையில் தட்டினாள். காய்ந்த மாவு குச்சி குச்சியாக உதிர்ந்தது. மீதியைப் புது விளக்குமாற்று ஈர்க்கால் குத்தி எடுத்தோம். இந்தத் தடவை கோடுவரை மட்டும் தண்ணீர் ஊற்றினேன். மெஷின் கிண்டி முடித்தும் மாவு ஒன்று சேரவில்லை. அக்கா ஒரு கைப்பிடி அள்ளிப் பிடித்தாள், நின்றது. கட்டைவிரலால் தொட்டாள், உதிர்ந்தது.

“இது புட்டு மாவுலா. இதுல எங்க மீ நூலு நூலா வரப்போவுது?”

“கோட்டுக்குத்தான் ஊத்தினேன்.”

“சரி, ஓட்டு. கெட்டா புட்டு அவிச்சுத் திம்போம்.”

பொத்தானை அழுத்தினேன். முதலில் வந்தது வெடித்து வெடித்து வந்தது. அதைத் திரும்ப உள்ளே போட்டோம். பிறகு நூல் நூலாக, ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் இறங்க ஆரம்பித்தது. அக்கா கத்தரிக்கோலோடு குனிந்து நின்று வெட்டினாள். “அந்தக் காலத்துல இடியாப்பம் புழிஞ்சே என் மணிக்கட்டு போச்சு. இது பாரு, சொகுசா துப்புது.”

வேகவைத்து மிளகாய் அரைத்த நெத்திலிச் சம்பாலில் பிரட்டினேன். “உப்பு கம்மி,” என்றாள். சொல்லிவிட்டு இரண்டாவது தடவையும் போட்டுக்கொண்டாள்.

அவள் சட்டை, கைலி எல்லாம் மாவு. மாற்றுத்துணி எடுக்கப் பையைத் திறந்தாள். மாவுக் கை பட்டுப் பையும் வெள்ளையானது.

“பை அழுக்காயிருச்சு அக்கா. துணிய அலமாரியில வச்சிட்டுத் துவைக்கப் போடவா?” என்றேன். இத்தனை நாளாக வராத வாய்க்கு அவ்வளவுதான் வந்தது.

அக்கா துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து என் கையில் கொடுத்தாள்.

“பை கெட்டித் துணி. லேசுல காயாது,” என்றாள்.

“காயாது,” என்றேன்.

“மெதுவா காயட்டும். ஞாயித்துக்கெழம கோழிக்கறி வைய்யி, இந்த மீக்கு நல்லாருக்கும்.”