முதுகைப் பார்த்துச் சொன்ன நான்கு விடைகள்

பிள்ளைகளே, உங்கள் அப்பா ஒருமுறை தொலைக்காட்சியில் அறிவுப் போட்டிக்குப் போனவர் என்று அம்மா சொல்லியிருப்பா. எப்படித் தோற்றார் என்பதைச் சொல்லும்போது அவவுக்குச் சிரிப்பு வந்து, கதை பாதியில் நின்றுவிடும். மீதியை நான் எழுதிவைக்கிறேன்.

அப்போது நான் திருகோணமலைக்கும் மூதூருக்கும் ஓடும் லோஞ்சில், அந்த மோட்டார்ப் படகில், சுக்கான் பிடித்தேன். சுக்கான் பின்னால். முன்னால் ஆட்களும் மூட்டைகளும் நிறைந்திருக்கும். எனக்குக் கடல்வழி எதுவும் கண்ணுக்குத் தெரியாது. அதனால் முன் அணியத்தில் என் கூட்டாளி, நாங்கள் அண்ணன் முறைக்கு 'நானா' என்று கூப்பிடும் மூதூர்க்காரர், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். வலக்கையைத் தூக்கினால் வலப்பக்கம், இடக்கையைத் தூக்கினால் இடப்பக்கம். எட்டு வருடம் அந்த முதுகைப் பார்த்தே லோஞ்சு ஓட்டினேன்.

நானா பெரிய வாசிப்புக்காரர். பயணிகள் விட்டுப்போகும் பத்திரிகை ஒன்றையும் விடமாட்டார். போட்டி அறிவித்தல் வந்ததும் தன் பெயரில் ஆறு தபாலட்டை போட்டார். மிஞ்சிய ஒன்றை என் பெயரில் போட்டார். அழைப்பு எனக்கு வந்தது.

"நானா, நான் எட்டாம் வகுப்பு. எனக்கு ஏலாது."

"தம்பி, நீ சும்மா நில்லு. ஒவ்வொரு கேள்விக்கும் ரெண்டு விடை சொல்லுவாங்க. முதலாவது சரியெண்டா நான் இடக்கையால தலையச் சொறிவன். ரெண்டாவதெண்டா வலக்கை. நான் பார்க்க வந்த ஆக்களுக்குள்ள இருப்பன். லோஞ்சு ஓட்டுற மாதிரித்தான்."

ஏழு கேள்வியில் நான்கு சரியானால் தையல் மெசின் பரிசு. அதுதான் என்னை விழுத்தியது. உங்கள் அம்மா அப்போது துணியைச் சுருட்டிக்கொண்டு அன்புவழிபுரத்தில் ஒரு வீட்டுக்குத் தைக்கப் போவா. அந்த வீட்டுக்காரி தன் துணி முழுவதும் தைத்து முடித்து, தேத்தண்ணியும் குடித்த பிறகுதான் மெசினை விடுவா. அழைப்பு வந்த அன்றே அம்மா ஜன்னலோரத்து அலுமாரியைத் தள்ளி, ஒரு மெசின் வைக்க இடம் விட்டா.

இரண்டு கிழமை லோஞ்சிலேயே பழகினோம். நானா கேள்வியைச் சத்தமாகச் சொல்லித் தலையைச் சொறிவார்; நான் "ஒண்டு" அல்லது "ரெண்டு" என்பேன். ஒருநாள் அவர் தலையைச் சொறிய, என் கை தன்பாட்டில் சுக்கானைத் திருப்பிவிட்டது. நங்கூரமிட்டு நின்ற கப்பலை நோக்கி லோஞ்சு போனது. தயிர்ச் சட்டியோடு இருந்த ஒரு மனிசி எழும்பி நின்று கத்தினா: "உங்கட படிப்பில எங்களக் கடலுக்குள்ள தள்ளப் போறீங்களோ?"

கொழும்புக்கு றெயினில் போனோம். தொலைக்காட்சி நிலையத்தில் என்னை ஒரு மேசைக்குப் பின்னால் நிறுத்தினார்கள். இடப்பக்கம் ஒரு பொத்தான், முதலாவது விடைக்கு. வலப்பக்கம் மற்றது. முகத்தில் பவுடர் பூசினார்கள். நானா மூன்றாம் வரிசைக் கதிரையில் இருந்து என்னைப் பார்த்துச் சிரித்தார்.

முதல் கேள்வி: திமிங்கிலம் மீனா, பாலூட்டியா?

நானா வலக்கையால் சொறிந்தார். எனக்கோ இடப்பக்கம் ஒரு கை எழும்பியது. இடப் பொத்தானை அமுக்கினேன்.

"மீன் என்கிறார், துறைமுகத்திலிருந்து வந்தவர்!" என்றார் கேள்வி கேட்பவர். எல்லாரும் சிரித்தார்கள்.

இரண்டாவது: தேனீக்கு ஆறு காலா, எட்டுக் காலா? கை வலப்பக்கம் எழும்பியது. எட்டு என்றேன். பிழை. நானா வாயைத் திறந்தபடி இருந்தார்.

அப்போதுதான் விளங்கியது. எட்டு வருடம் முதுகைக் காட்டிய மனிதர் இன்றைக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு இருக்கிறார்! அவருடைய வலம் எனக்கு இடம். மூன்றாவது கேள்விக்கு நான் மாற்றி அமுக்கினேன். அதே கணத்தில் நானாவுக்கும் விளங்கிவிட்டது. அவரும் மாற்றிச் சொறிந்தார். மூன்றும் பிழை.

இனி நான்கும் சரியாக வேண்டும். அம்மா இடம் விட்ட ஜன்னலோரம் கண்ணுக்குள் வந்தது. நானாவைப் பார்த்தேன். அவர் எழும்பினார். கதிரையில் மறுபக்கம் திரும்பி, பின்வரிசைக்காரரின் முகத்தைப் பார்த்தபடி, எனக்கு முதுகைக் காட்டி இருந்தார். சட்டையின் முதுகில் அம்மா கையால் தைத்துக் கொடுத்த ஒட்டு. அதைக் கண்டதும் என் நெஞ்சு அமைதியானது.

நான்காவது சரி. ஐந்தாவது சரி. ஆறாவது சரி.

அதற்குள் பின்வரிசைக்காரர் காவலாளியைக் கூப்பிட்டுவிட்டார். "இந்தாள் என்ர முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்!" காவலாளி நானாவின் வலக்கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போனார். ஏழாவது கேள்வி என்னவென்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. முதுகைக் காட்டியபடி போன நானா, வாசலைத் தாண்டுமுன் இடக்கையால் பிடரியைச் சொறிந்தார். இடப் பொத்தான். சரி!

கேள்வி கேட்பவர் கைதட்டிவிட்டு, மெதுவாகக் கேட்டார்: "அந்த ஆளை உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது ஐயா," என்றேன். பவுடர் இருந்ததால் முகம் காட்டிக்கொடுக்கவில்லை.

மெசின் பெட்டி பெரும் பாரம். நானும் ஒரு வேலைக்காரரும் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தோம். வெளியே காவலாளிக்குப் பக்கத்தில் நின்ற நானா, பாரம் வருவதைக் கண்டதும் பாய்ந்து வந்தார். லோஞ்சில் சாமான் இறக்கினால் முன்பக்கம் எப்போதும் அவருடையது. வேலைக்காரரை விலத்திவிட்டு, எனக்கு முதுகைக் காட்டி, வலக்கையை உயர்த்தினார்.

"தம்பி, மெல்ல! வலம் வா, வலம்!"

நானும் வலம் போனேன். காவலாளி எங்கள் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தார்.

பெட்டி உள்ளே திரும்பிப் போனது. பங்குபற்றிய எல்லாருக்கும் கொடுக்கும் நாலு கெஜம் பூத்துணியை மட்டும் தந்தார்கள்.

வீட்டில், "கேள்வி கஷ்டம், தோத்துப்போனன்," என்றேன். அம்மா ஜன்னலோரத்தைக் கூட்டிவிட்டு, அங்கே ஒரு பாயைப் போட்டா.

நிகழ்ச்சி காட்டிய அன்று ஓர்ஸ் ஹில்லில் தொலைக்காட்சி இருந்த ஒரு வீட்டில் எல்லாரும் கூடினோம். என்னை முழுதாக வெட்டியிருந்தார்கள். நான் மூச்சு விட்டேன். அப்போது கைதட்டும் சனத்தை ஒரு கணம் காட்டினார்கள். அத்தனை முகங்களுக்கு நடுவில் ஒரு முதுகு.

"இஞ்சேருங்கோ," என்றா அம்மா. "அந்த ஒட்டு நான் தைச்சதெல்லோ? நானா ஏன் அங்கால பார்த்துக்கொண்டிருக்கிறார்?"

வீடு போய்ச் சேரும்வரை எல்லாவற்றையும் சொன்னேன். அவ சிரிக்கவில்லை. அடுத்த நாள் பூத்துணியை வெட்டி, ஊசியும் நூலும் வைத்து, லோஞ்சுக்கே கொண்டு வந்தா.

"மெசின் வந்திருந்தா நான் தைச்சிருப்பன். வரேல்ல. நீங்கள் ரெண்டு பேரும் தைச்சுத் தாங்கோ, மூத்தவளுக்குச் சட்டை."

மூதூர் ஜெட்டியில் ஆட்கள் ஏறும்வரை நானாவும் நானும் எதிரெதிரே இருந்து தைத்தோம். ஆளுக்கொரு சட்டைக் கை. தயிர்ச் சட்டி மனிசி குனிந்து பார்த்துச் சொன்னா: "ரெண்டும் இடக்கையெல்லோ!"

பிரிக்கப் பொறுமை இல்லை. மூத்தவள் அந்தச் சட்டையைப் பொங்கலுக்குப் போட்டாள். வலக்கையைத் தூக்க முடியாமல் நாள் முழுவதும் இடக்கையாலேயே தலையைச் சொறிந்தாள். அதைப் பார்த்துத்தான் அம்மா முதன்முதலாகச் சிரித்தா.