பொத்தான் மாற்றிய கோட்டு

எங்கள் வீட்டில் புதுத்துணி என்பது கிறிஸ்துமஸுக்கு மட்டும், அதுவும் தங்கைகளுக்கு மட்டும். மற்றதெல்லாம் மாஹிம் ரயில்வே கேட் பக்கம் ஞாயிற்றுக்கிழமை கூடுகிற பழந்துணிச் சந்தையிலிருந்து வந்தவை. மாட்டுங்காவிலும் தாதரிலும் மாடி மாடியாக ஏறி, பாத்திரம் கொடுத்துப் பழைய துணி வாங்குகிற பெண்கள் வாரம் முழுக்கச் சேர்த்ததைச் சாக்கில் குவித்து வைத்திருப்பார்கள். குவியலைச் சுற்றிக் குந்தி உட்கார்ந்து கைவிட்டுத் துழாவ வேண்டும். நல்லது அகப்பட்டால் முகத்தில் காட்டிக்கொள்ளக் கூடாது. முகத்தைப் பார்த்துத்தான் விலை சொல்வார்கள்.

அப்பா இதில் கெட்டிக்காரர். தாராவியில் தோல் பதனிடும் ஷாப்பில், சுண்ணாம்புக் குழியில் இறங்கி நிற்கிற வேலை அவருக்கு. ஆட்டுத்தோலைப் பார்ப்பது போலவே துணியையும் பார்ப்பார். வெயிலுக்கு நேரே பிடித்து ஓட்டை தேடுவார். கட்டைவிரலால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்துக்கொண்டே போவார். இற்றுப்போன இடம் வந்ததும் விரல் நின்றுவிடும். அவர் எடுத்த துணி லேசில் கிழிந்து நான் பார்த்ததில்லை.

எஸ்.எஸ்.சி. தேறி ஒரு வருஷம் கழித்து, ஃபோர்ட்டில் ஒரு கம்பெனியிலிருந்து எனக்குக் கடிதம் வந்தது. கிளார்க் வேலைக்கு நேர்முகம். எங்கள் குடும்பத்தில் பெயர் எழுதத் தெரிந்த முதல் ஆள் நான். அந்தக் கடிதத்தை அப்பா சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் திரிந்தார். அப்போது அவருக்கு இருமல் முற்றியிருந்தது. குழியை விட்டு ஏறாவிட்டால் நெஞ்சு தாங்காது என்று மாஹிம் ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். எனக்கு வேலை கிடைத்த மறுநாள் ஏறிவிடுவதாக அம்மாவிடம் சொல்லியிருந்தார்.

என்னிடம் ஒரே சட்டைதான் இருந்தது. முதுகில் தோளிலிருந்து இடுப்புவரை கிழிந்து, வேறு நிறத்துணியில் ஒட்டுப்போட்டது.

"மேல ஒரு கோட்டப் போட்டா முதுகு யாருக்குத் தெரியும்?" என்றார் அப்பா.

அந்த ஞாயிறு கோயில் முடிந்து நேரே சந்தைக்குப் போனோம். மூன்றாவது குவியலில் அது கிடந்தது. வெள்ளை டிரில் துணியில் கழுத்துவரை மூடுகிற கோட்டு. அப்பாவின் கட்டைவிரல் எங்கேயும் நிற்காமல் ஓடி வந்தது. பொத்தான்கள் இல்லை. பொத்தான் இருக்க வேண்டிய இடத்தில் நூல் சுற்றித் தைத்த வட்ட ஓட்டைகள் இருந்தன.

"பாத்தியா, பட்டனத் தனியாக் கழட்டி வச்சிட்டுத் தொவைக்கதுக்கு. பெரிய எடத்துத் துணியாக்கும்." பிறகு இடது மார்பில் விரலை வைத்தார். "இது என்ன, ஊசிக் குத்தா இருக்கு? படிச்சவன் நீ பாரு."

பார்த்தேன். வரிசையாகச் சின்னச் சின்னத் துளைகள். "ஏதாச்சும் பூவேலை இருந்திருக்கும்பா" என்றேன்.

கடைக்காரி சிரித்தாள். "ஏ சேட், லட்கா தூல்ஹா லகேகா!" மாப்பிள்ளை மாதிரி இருப்பேனாம்.

"தூல்ஹா நை, கிளார்க்! கிளார்க் பனேகா!" என்றார் அப்பா. சொன்ன பிறகுதான் முகத்தைக் காட்டிவிட்டது அவருக்கு உறைத்தது. அவள் எட்டு ரூபாய் என்றாள். கோட்டைக் குவியல்மேல் எறிந்துவிட்டு அப்பா நடந்தார்.

"திரும்பிப் பாக்காதல."

"கூப்பிடலன்னா?"

"கூப்பிடுவா. வாயப் பொத்திக்கிட்டு நட."

கூப்பிட்டாள். பாதி விலைக்கு வாங்கினோம். அம்மா கறுப்புப் பொத்தான் வைத்துத் தைத்தாள். கஞ்சி போட்டு இஸ்திரி போட்டதும் அது நிமிர்ந்து நின்றது. சந்தில் இருந்தவர்களை எல்லாம் கூப்பிட்டு என்னை அப்பா காட்டினார்.

நேர்முகத்தன்று அப்பா அரைநாள் லீவு போட்டு சர்ச்கேட்டில் இறங்கிக் கம்பெனிவரை கூட வந்தார். வாசலில் காவல்காரர் என்னை ஒன்றும் கேட்காமல் உள்ளே விட்டார். கோட்டின் மகிமை என்று நினைத்துக்கொண்டேன். அப்பா எதிரே இருந்த மரத்தடியிலேயே நின்றுகொண்டார்.

மூன்றாம் மாடியில் ஒரு பெஞ்சில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். நானும் ஓரமாக உட்கார்ந்தேன். எல்லோரும் சட்டை மட்டும்தான் போட்டிருந்தார்கள். கோட்டுப் போட்டவன் நான் ஒருவன்தான் என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அறைக் கதவு திறந்து ஓர் அதிகாரி வெளியே தலை நீட்டினார். அங்குமிங்கும் பார்த்தார். என்னைப் பார்த்ததும் ஒரு ஃபைலை நீட்டி, "அக்கவுண்ட்ஸ். க்விக்" என்றார்.

நான் எழுந்து வாங்கிக்கொண்டேன். ஏன் வாங்கினேன் என்று இன்றும் என்னையே கேட்டுக்கொள்கிறேன். இதுவும் ஒரு பரீட்சை என்று நினைத்தேன் போலிருக்கிறது. அக்கவுண்ட்ஸ் எங்கே இருக்கிறது என்று கேட்டுக் கேட்டு, அடுத்த மாடிக்கு ஏறி, கொடுத்துவிட்டுத் திரும்ப வெகுநேரம் ஆகிவிட்டது.

திரும்பியபோது பெஞ்சு காலி. கதவருகே ஸ்டூலில் என் வயசுப் பையன் ஒருவன் உட்கார்ந்திருந்தான். என்னுடைய அதே கோட்டு. பித்தளைப் பொத்தான்கள். இடது மார்பில் சிவப்பு நூலில் கம்பெனி எழுத்துகள்.

என்னை மேலும் கீழும் பார்த்து ஹிந்தியில் ஏதோ கேட்டான். நான் அவன் கோட்டையே பார்த்து விழிக்க, ஹிந்தி தெரியாதென்று நினைத்துத் தமிழுக்கு வந்தான். "எந்த ஆபீஸ் பியூன்யா நீ? தபாலா? வச்சிட்டுப் போ."

"நான் இன்டர்வியூக்கு வந்தேன்" என்று என் பெயரைச் சொன்னேன்.

"அடப்பாவி, ரெண்டு வாட்டி கூப்ட்டாங்களே!" சிரிக்கத் தொடங்கியவன் பாதியில் நிறுத்தினான். "இந்தக் கோட்ட எவன்யா ஒனக்குக் குடுத்தான்?"

என் விரல் தானாக இடது மார்புக்குப் போயிற்று. அந்தத் துளைகள் ஆங்கில எழுத்துகள். பதினொரு வருஷம் படித்தவன் நான். அப்பா விரலை வைத்துக் காட்டியும் படிக்கவில்லை.

"கழட்டு. கடைசி ஆளு உள்ள இருக்கான், அவன் வந்ததும் போயி மாப்பு கேளு" என்றான்.

"சட்டை கிழிஞ்சிருக்கு."

"முன்னாடியா பின்னாடியா?"

"பின்னாடி."

"அப்போ திரும்பாம வா. கிழிஞ்ச சட்ட கிளார்க்கு இங்க ரெண்டு பேர் இருக்கான். இந்தக் கோட்டோட நாற்காலியில ஒருத்தன ஒக்கார வச்சு நான் பாத்ததில்ல."

கழற்றி அவனிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனேன். மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்தவர் அந்த அதிகாரி. என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"ஃபைல் கொண்டுபோனது நீதானே? ஏன் கொண்டுபோனாய்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் மனப்பாடம் செய்து வந்த பதில்களில் இதற்குப் பதில் இல்லை. "யு டோல்ட் மீ, சார்" என்றேன்.

ஒருவர் சிரித்தார். அதிகாரி சிரிக்கவில்லை. டைப்ரைட்டிங் தெரியுமா என்று கேட்டார், தெரியாது என்றேன். இன்னும் இரண்டு கேள்வி. பிறகு காகிதங்களை ஒதுக்கிவிட்டு, கிளார்க் இடத்துக்கு ஆள் முடிவாகிவிட்டது, பியூன் இடம் ஒன்று காலியாக இருக்கிறது, சொன்னதைச் செய்கிறவன் வேண்டும், யூனிஃபார்ம் கம்பெனி தரும் என்றார்.

அப்பாவின் இருமல் மூன்றாம் மாடிக்குக் கேட்டிருக்க முடியாது. எனக்குக் கேட்டது. சரி என்றேன். முதுகைக் காட்டாமல் பின்பக்கமாகவே நடந்து, கதவில் முட்டிக்கொண்டு வெளியே வந்து, ஸ்டூல் பையனிடமிருந்து கோட்டை வாங்கிக்கொண்டேன்.

மரத்தடியில் அப்பா கேட்ட முதல் கேள்வி, "கோட்ட ஏம்ல கையில வச்சிருக்க?"

"வேர்த்துச்சு."

"கெடச்சுதா?"

"கெடச்சுதுப்பா."

அவர் என் தோளைப் பிடித்து அழுத்தினார். சுண்ணாம்பில் வெந்த அந்தக் கைக்குச் சட்டையின் ஒட்டு தட்டுப்பட்டிருக்கும்.

முதல் சம்பளத்தைப் பார்த்து, "மொதல்ல எல்லாருக்கும் கொறச்சலாத்தான் குடுப்பான்" என்று அவரே காரணமும் சொல்லிக்கொண்டார். குழியை விட்டு ஏறவில்லை. நான் தினமும் சட்டையோடு போய், ஆபீஸில் கம்பெனி கோட்டை மாட்டிக்கொண்டு, மாலையில் கழற்றி வைத்துவிட்டு வந்தேன். வீட்டிலிருந்த கோட்டை அப்பா எடுத்துக்கொண்டார். ஞாயிறுதோறும் கழுத்துவரை பொத்தான் போட்டு அதிலேயே கோயிலுக்கு வந்தார். நான் தடுக்கவில்லை. தடுத்தால் காரணம் சொல்ல வேண்டியிருக்கும்.

போன மழைக்கு முந்தின ஒரு ஞாயிறு. கோயில் முடிந்து சந்தை வழியாக வந்தோம். ஒரு சாக்கில் அதே போல இன்னொரு கோட்டு. மார்பில் சிவப்பு எழுத்து பிரிக்காமல் அப்படியே இருந்தது. அப்பா குனிந்து எடுத்துக் கட்டைவிரலை ஓட்டினார். எழுத்தின்மேல் விரல் நின்றது.

"சப்ராசி கா கோட் ஹை" என்றாள் கடைக்காரி. அவர் போட்டிருந்ததைப் பார்த்து, "தும்ஹாரா ஜைசா", உன்னுடையதைப் போலவே, என்று சேர்த்துக்கொண்டாள்.

சப்ராசி என்றால் பியூன் என்று தாராவியில் தெரியாதவர் இல்லை.

அப்பா அதை மடித்து, இருந்த இடத்திலேயே வைத்தார். விலை கேட்கவில்லை. கேட்டைத் தாண்டி நடந்தார். பிறகு இருமினார். இருமல் நின்றதும், என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"அன்னைக்கு இதப் போட்டுக்கிட்டா உள்ள போன?"

"இல்லப்பா. கழட்டிட்டுத்தான் போனேன்."

அது மட்டும் உண்மை. அவர் நடந்துகொண்டே மேல் பொத்தானைக் கழற்றினார், அடுத்ததையும் கழற்றினார். கோட்டைக் கழற்றவில்லை. உள்ளே அவர் போட்டிருந்ததும் கிழியாத சட்டை இல்லை.