என் வடக்கும் சேகரின் பதினேழாம் பக்கமும்

என் பெயர் சாமுவேல் தனராஜ். கோலார் தங்கச் சுரங்கப் பகுதியில் உள்ள ஸ்கெலட்டனில் இருபது ஆண்டுகளாகக் கேபிள் டிவி நடத்துகிறேன். இந்தப் பதிவின் நோக்கம் ஒன்றுதான்: நான் பொறாமைப்படுகிறேன் என்பதை முறைப்படி தெரிவிப்பது.

பொறாமை சேகர் மீது.

பக்கத்துக் குடியிருப்பான கோரமண்டலில் கேபிள் நடத்தும் அதே சேகர். பள்ளியில் என் பக்கத்து இருக்கை. (என் விடைத்தாளைப் பார்த்து எழுதி, என்னைவிட இரண்டு மதிப்பெண் கூடுதலாக வாங்கியவன். இதற்கு இன்றுவரை விளக்கம் கிடைக்கவில்லை.)

விஷயத்துக்கு வருகிறேன்.

கிராமங்களுக்கு அரசு மானியத்தில் பிராட்பேண்ட் கொடுக்க உள்ளூர் ஆட்களைத் தேடுகிறார்கள். ஒரு பஞ்சாயத்துக்கு ஒருவர்தான். எங்கள் பக்கத்துப் பஞ்சாயத்துக்கு வந்தவை இரண்டே விண்ணப்பங்கள். என்னுடையதும் அவனுடையதும்.

இரண்டும் சரியாக இருந்தால் சீட்டுக் குலுக்கல். ஒன்று மட்டும் சரியாக இருந்தால் அதைக் கொடுத்தவருக்கே, போட்டியில்லாமல்.

எனக்கு இது வேண்டும். இப்போது எல்லோரும் ஃபோனில் படம் பார்க்கிறார்கள். இந்தப் பஞ்சாயத்து கிடைக்காவிட்டால் என் கன்ட்ரோல் ரூமைப் பூட்ட வேண்டியதுதான்.

ஆகவே மூன்று வாரம் உழைத்தேன். உரிமத்தின் நகல், பஞ்சாயத்தின் ஆட்சேபணையின்மைக் கடிதம், முகவரிச் சான்று, உறுதிமொழிப் படிவம், பஞ்சாயத்துப் பள்ளிக்கூடம்வரை கேபிள் செல்லும் வழியின் வரைபடம். ஒவ்வொரு தாளிலும் பக்க எண். முகப்பில் பொருளடக்கம். (பொருளடக்கத்துக்கும் பக்க எண் உண்டு.)

இன்று காலை கோலார் அலுவலகத்தில் எனக்கு முன்னால் சேகர் நின்றான். கையில் துணிக்கடைப் பை. பைக்குள் கோப்பு!

"இன்னாடா சாமு, கல்யாணப் பத்திரிகை மாதிரி கட்டிகினு வந்துகீற?"

நான் பொருளடக்கத்தை இன்னொரு முறை சரிபார்த்தேன்.

அவனுடைய வரைபடம், ஃபோனில் எடுத்த மேப்பின் பிரின்ட். அதன் மேல் சிவப்பு பால்பாயின்ட் கோடு. ஓரத்தில் டீ கிளாஸ் வைத்த வட்டம்.

கவுண்ட்டரில் இருந்த கன்னட மேடம் அதிலிருந்த அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைக் கணினியில் ஏற்றினார். "சரியாகிதே! நீட்டா இருக்கு."

நீட்டாம்!

நீல மசியில் வட்ட முத்திரை விழுந்தது. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

அடுத்து நான். மேடம் எண்களை ஏற்றினார். திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஸார், உங்க கேபிள் ஸ்கூலுக்கே வரல. சயனைட் மேட்டுக்குள்ள போகுது!"

(சயனைட் மேடு என்பது சுரங்கக் கழிவு மண்ணைக் கொட்டிக் குவித்த மலை.) வரிசையே சிரித்தது.

காரணம் அந்த நொடியே எனக்குப் புரிந்துவிட்டது. என் தந்தை நந்திதுர்க் சுரங்கத்தின் சர்வே ஆபீஸில் வரைபடம் வரைந்தவர். அவர் விட்டுச்சென்ற பழைய பிளான் மீது ட்ரேசிங் தாள் வைத்துத்தான் நான் வரைந்தேன். எண்களையும் அதிலிருந்தே கணக்கிட்டேன். ஆனால் அந்தக் காலத்துச் சுரங்கப் பிளானில், தங்க ரேகை தாளில் நேராக விழ வேண்டும் என்பதற்காக வடக்கையே கொஞ்சம் திருப்பி வைத்திருப்பார்கள். எங்கள் சுரங்கத்துக்குத் தனி வடக்கு! அது எனக்குத் தெரியும். தெரிந்தும் மறந்தேன்.

"டேய் சாமு, மைனு மூடி எவ்ளோ வருஷமாச்சு! நீ இன்னும் கேஜுல எறங்கிகினே கீறியே!"

(கேஜ் என்பது சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கும் கூண்டு.) சொன்னது யார் என்று எழுதத் தேவையில்லை.

மேடம் நல்லவர். "நாளைக்குள்ள சரி பண்ணிக் குடுங்க ஸார். நாளன்னிக்கு ஸ்க்ரூட்டினி. அதுக்கப்புறம் ஒரு புள்ளி கூட மாத்த முடியாது."

வெளியே வந்தோம். சேகர் தன் கோப்பின் ஜெராக்ஸ் பிரதியை என் கையில் திணித்தான். "பிடிடா, டீ சொல்லிட்டு வரேன்."

கையில் தாள் வந்தால் புரட்டிப் பார்ப்பது என் வழக்கம்.

பதினேழாம் பக்கம். உறுதிமொழிப் படிவம். பெயர் இருக்கிறது, தேதி இருக்கிறது, கையெழுத்து இல்லை!

கவுண்ட்டரில் மேப்பை மட்டும்தான் சரிபார்ப்பார்கள். படிப்பது ஸ்க்ரூட்டினியில்தான். கையெழுத்து இல்லையென்றால் விண்ணப்பம் தள்ளுபடி. பஞ்சாயத்து எனக்கு. குலுக்கலே கிடையாது.

டீயோடு வந்தான். "எல்லாம் கரெக்டா கீதா?"

"பக்கமெல்லாம் வரிசையா இருக்கு."

(இது பொய் அல்ல. வரிசையாகத்தான் இருந்தன.)

திரும்பும் பஸ்ஸில் எனக்கு ஜன்னலோரம் விட்டுக்கொடுத்தான். என் ஃபோனை வாங்கி, மேப்பைத் திறந்து, "இங்க வெரல வெச்சு அழுத்துடா, நம்பர் தானா வரும். அத்த எழுதிக்கோ" என்று பள்ளிக்கூடம்வரை ஒவ்வொரு புள்ளியாக எடுத்துக் கொடுத்தான்.

"உனக்கு இன்னாத்துக்குடா இந்த வேலை? நான் தள்ளுபடியானா உனக்குத்தானே?" என்றேன்.

"நீ இல்லாம ஜெயிச்சா ஊர்ல எவன்டா மதிப்பான்? குலுக்கட்டும். வந்தா வரட்டும்."

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்கும்வரை பதினேழைப் பற்றி வாயே திறக்கவில்லை.

நண்பர்களே, முத்திரைக்காகப் பொறாமைப்பட்டேன். அதையாவது தாங்கிக்கொள்ளலாம். 'வந்தா வரட்டும்' என்ற அந்தக் கடைசி வாக்கியத்தை அவன் எவ்வளவு சுலபமாகச் சொன்னான்! அதற்காகப் படுகிற பொறாமையை என்னால் தாங்க முடியவில்லை.

புதிய வரைபடம் மாலை ஆறு மணிக்கு முடிந்தது. வடக்கு இப்போது வடக்கில் இருக்கிறது.

சேகர் என் நட்புப் பட்டியலில்தான் இருக்கிறான். ஆனால் என் பதிவுகளை முதல் வரிக்கு மேல் படித்ததில்லை. எனவே இதை எழுதியதால் தகவல் சேர்ந்துவிட்டது என்று கணக்குக் காட்ட முடியாது.

ஆகவே அறிவிக்கிறேன்: இந்தப் பதிவைப் போட்ட மறு நிமிடம் அவனை ஃபோனில் அழைத்து, "பதினேழாம் பக்கம், கையெழுத்துப் போடுடா" என்று சொல்வேன். நாளை காலை இருவரும் ஒரே பஸ்ஸில் கோலார் போவோம்.

ஆனால் கவுண்ட்டரில் இந்த முறை நான்தான் முன்னால் நிற்பேன்!